சம்பந்தி வீட்டு வழக்கு

இலுப்பூர் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் மூத்த குடிமக்கள் உரிமை மன்றத்தின் புதுக்கோட்டை மாவட்ட அலுவலகம். தலைவர் மலையாண்டி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் செங்கமலம், கிராமத்து நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இருவருக்கும் சம்பளம் கிடையாது. பிள்ளைகள் கைவிட்டவர்கள், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பவர்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காதவர்கள் என்று யார் படியேறி வந்தாலும் உட்கார வைத்துக் கேட்பார்கள். மனு எழுதுவார்கள், கூடவே போய் நிற்பார்கள்.

அன்று காலை செங்கமலம் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள். திருச்சியில் நடக்கவிருந்த மாநில மாநாட்டுக்கு ஆள் திரட்டும் வேலை இருந்தது. அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிய பிறகு கொஞ்ச நேரம் கழித்து மலையாண்டி கைலியோடு வந்து திறந்தார். ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு தொங்கியது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே பழைய பேனர் ஒன்றை விரித்திருந்தார்.

"நேத்து கடைசி பஸ்ஸ விட்டுட்டேன் தங்கச்சி. சரி, இங்கிட்டே படுத்துக்குவோம்னு படுத்துட்டேன்."

"தம்பிக்குப் போன் போட்டிருந்தா வண்டியில வந்து கூட்டிட்டுப் போயிருக்கும்லண்ணே."

"பட்டறையில அவனுக்கு ஆயிரம் வேலை."

மகன் தமிழ்செல்வன் விராலிமலைச் சாலையில் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருந்தான். செங்கமலம் அதற்குமேல் கேட்கவில்லை. பிழைப்பு முழுவதும் பஸ்ஸிலேயே ஓட்டிய மனிதர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பீரோவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. ஜன்னல் மாடத்தில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும். எல்லாவற்றையும்விட அவருடைய கால்கள். நர்ஸ் கண்ணுக்கு அது தப்புமா? செருப்பு வார் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்து, எடுத்த பிறகும் அது நிரம்பாமல் கிடந்தது.

"கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? பிரஷர் மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"போடுறேன், போடுறேன். ஓட்டல் சாப்பாட்டுல உப்பு கூட."

"ஓட்டல்லயா சாப்பிடுறீங்க? மருமக பரிமளா சமைக்கலையா?"

"பேத்திக்குப் பரீட்சை. அது அதுக்குப் பின்னாடி நிக்கிது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் சென்னையிலிருந்து மாநிலத் தலைவர் ஷர்லி போன் செய்தார். கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர். கந்தர்வக்கோட்டை காத்தாயி வழக்கை மாநாட்டில் முன்மாதிரியாகக் காட்டப்போவதாகச் சொன்னார். மலையாண்டிக்கு மேடையில் பொன்னாடை. காத்தாயி அம்மாவையும் எப்படியாவது அழைத்து வர வேண்டும்.

செங்கமலம் சந்தோஷமாகச் சொன்னபோது மலையாண்டியின் முகம் மாறியது. "அந்தக் கெழவி வேண்டாம் தங்கச்சி. பாவம், எதுக்கு அவ்வளவு தூரம் அலைய விட்டுக்கிட்டு" என்றார். அவருக்குத் தன்னடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காத்தாயி வேறு யாருமில்லை, மலையாண்டியின் சம்பந்தி சின்னையாவைப் பெற்றவள். மருமகள் பரிமளாவுக்கு அப்பத்தா. முந்திரிக் கொல்லையை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்த சில மாதங்களிலேயே அவளுடைய படுக்கை வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக் கொட்டகைக்கு வந்துவிட்டது. போன வருஷம் கந்தர்வக்கோட்டையில் மன்றம் நடத்திய மருத்துவ முகாமுக்கு யாரோ அவளைத் தூக்கி வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். கட்டைப் பிரித்தபோது வந்த வாடையில் பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். செங்கமலம்தான் கழுவிக் கட்டினாள்.

விலாசத்தைக் கேட்டதும் மலையாண்டி பேனாவைக் கீழே வைத்தார். "இது எங்க சம்பந்தி வீடு. வேற யாராச்சும் பாக்கட்டுமே" என்றார்.

"நாமளே சொந்தம்னு ஒதுங்கினா, நாளைக்கு எந்த வாயால ஊராருக்கு நியாயம் பேசுவோம்ணே?"

அவள் அப்படிக் கேட்டது அவரைக் குத்தியிருக்க வேண்டும். மறுநாளே வழக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பத்திரத்திலேயே கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்ததால் கோட்டாட்சியர் அதை ரத்து செய்து, கொல்லையைக் காத்தாயி பேருக்கே திருப்பிவிட்டார். செய்தித்தாளில் படத்தோடு வந்தது. படத்தில் மலையாண்டி காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் வேண்டாம் என்று சொல்லியும், காத்தாயியை மாநாட்டுக்கு அழைக்கச் செங்கமலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். சின்னையா வீட்டு வாசலில் இருந்த ஒரு பெண், கிழவி பேத்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பேத்தி வீடு என்றால் மலையாண்டி வீடுதான். வந்த வழியே திரும்பி, இலுப்பூரில் பஸ் மாறி, வெயில் தாழும் நேரத்துக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தமிழ்செல்வன் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான். பரிமளா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

"அப்பா அனுப்பி வச்சாராம்மா?" என்று அவன் கேட்டான்.

"இல்லப்பா. ஏன், அண்ணன் வீட்ல இல்லையா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தீபாவளிக்கு முந்தியே போயிட்டாரும்மா. ஒங்ககிட்ட சொல்லலையா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க வெரட்டல. ஒன்னு மன்றம், இல்ல வீடு, ரெண்டுல ஒன்னப் பாருங்கன்னு சொன்னேன். பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. நானும் கோவத்துல போகட்டும்னு விட்டுட்டேன்."

செங்கமலம் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தீபாவளி முடிந்து, பொங்கலும் முடிந்திருந்தது.

"இந்தப் பட்டறை மாமனாரு கைதூக்கி விட்டது" என்றான் தமிழ்செல்வன். "வெளிநாட்டுலேருந்து வெறுங்கையோட வந்தப்ப என்னைய நிறுத்தி வச்சவரு அவரு. அவரையே கொண்டுபோய் ஆபீஸ் படியில நிறுத்துனா, நான் அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

பரிமளா அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். "எங்கப்பாவப் பாத்து, பெத்தவளக் கொட்டகையில போட்டவன்னு அத்தனை பேரு முன்னாடி சொன்னாரு. வெளி ஆளு சொல்லியிருந்தா தாங்கிக்குவோம். பொண்ணெடுத்த வீட்டு மனுசன் சொல்லலாமா? அன்னையிலேருந்து எங்கப்பா கடைத்தெருப் பக்கமே போறதில்ல."

"அப்பத்தா கொட்டகையிலதானம்மா கெடந்தாங்க?" என்று செங்கமலம் மெதுவாகக் கேட்டாள்.

"கெடந்துச்சு. இல்லைங்கல. அத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

பேச்சுச் சத்தம் கேட்டுக் கொல்லைப்பக்கத்திலிருந்து காத்தாயி வந்தாள். யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தாள். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகியிருந்ததால் கால் தெரிந்தது. செங்கமலத்தின் கண் தானாக அங்கேதான் போயிற்று. புண் ஆறியிருந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடி, ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது. யாரோ தினமும் கழுவி மருந்து போட்டிருக்கிறார்கள்.

"நீதான எனக்குக் கட்டுப் போட்டவ" என்று காத்தாயி அவள் கன்னத்தைத் தடவினாள். திருச்சிக்கு வர முடியுமா என்று செங்கமலம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்குத் தாயி? கொல்லைய அவனுக்கே திருப்பி எழுதிக் குடுத்துட்டேன். இருக்குறது ஒத்த மகன். நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கப் போறவன். இப்ப வீட்டுக்குள்ளதான் படுக்க வச்சிருக்கான், கறி எடுத்தா மொதல்ல எனக்குத்தான் வைக்கிறான்." பிறகு பேத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கண்டக்டர்தான் கைநாட்டு வையி, கைநாட்டு வையின்னு நின்னாரு. எனக்கென்ன வெவரமா தெரியும்?"

பரிமளா குனிந்து செங்கமலம் குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அறையில் மலையாண்டி செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செங்கமலம் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வாரேண்ணே."

அவர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே இன்னொரு தரம் மடித்தார்.

"இத்தன நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மனு போடுவோம். நானே கூட வாரேன்."

"யாரு மேல? தமிழ் மேலயா?" என்று கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். "எனக்குப் பென்ஷன் வருது. சோத்துக்குக் கஷ்டமில்ல. அவன் அடிக்கல, வையல. மன்றமா வீடான்னு கேட்டான். நான் மன்றம்னு சொன்னேன். இதுக்கு எந்தச் சட்டத்துல தங்கச்சி மனு போடுவ?"

"அப்ப ஒரு ரூம் எடுத்து மனுசன் மாதிரி இருங்க. பெஞ்சுல படுத்துக் கெடக்குற வயசா இது?"

"ரூம் எடுத்தா மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சு போகும். முதியோர் மன்றத் தலைவர மகன் வெளிய தள்ளிட்டான்னு பேசுவாங்க. அதுக்கப்புறம் எந்தக் கெழவன் நம்ம படியேறி வருவான்?" கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், வெக்கப்படாதீங்க, வெக்கப்பட வேண்டியது நீங்க இல்லன்னு. எனக்குன்னு வந்தப்பறந்தான் தெரியுது, அது அடுத்த ஆளு சொல்லிப் போற வெக்கமில்ல."

"நான்தான் ஒங்கள அந்தக் கேஸுல இழுத்துவிட்டேன்."

"நீ சொல்லலைன்னாலும் போயிருப்பேன்" என்றார்.

அது உண்மையா, அவளுடைய ஆறுதலுக்குச் சொன்னதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்ற நினைப்பு வந்தது. புருஷன் போன பிறகு அந்த அறையை அவள் திறப்பதுகூட இல்லை. ஆனால் தனியாக இருக்கும் பெண்பிள்ளை வீட்டில் அவரைத் தங்க வைத்தால் அதற்கும் ஊர் பேசும். நினைத்ததைச் சொல்லாமலே விட்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து மதியத்துக்கு உப்புக் குறைத்த குழம்பும் சோறும் கேரியரில் கொண்டு வந்தாள். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார்.

திருச்சி மாநாட்டு மண்டபம் நிரம்பியிருந்தது. காத்தாயிக்கு உடம்பு சரியில்லை என்று செங்கமலம் ஷர்லியிடம் சொல்லிவிட்டாள். ஷர்லி மேடையில் மலையாண்டியை அருகே நிறுத்தி, சொந்த பந்தம் பார்க்காமல் நியாயத்தின் பக்கம் நின்ற மனிதர் என்று பேசினார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. பொன்னாடையோடு மைக் முன்னால் நின்ற மலையாண்டி எப்போதும் பேசுவது போலப் பேசவில்லை. டிக்கெட் டிக்கெட் என்று கூவிப் பழகிய குரல் அன்று உள்ளே போயிருந்தது.

"நாம ஜெயிச்சுக் குடுக்குறோம். ஜெயிச்சதுக்கப்புறம் அன்னைக்கி ராத்திரி அவங்க எங்க போய்ப் படுப்பாங்க, யாரு மூஞ்சியில முழிப்பாங்கன்னு நாம கேக்குறதில்ல. அதையும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் முதியோர் இல்லங்கள் கட்டுவதைப் பற்றிச் சொல்கிறார் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. ஷர்லியும் மாவட்டத்துக்கு ஒரு அரசு இல்லம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தீர்மானத்தில் சேர்ப்பதாக அறிவித்தார். மறுபடியும் கைதட்டினார்கள். செங்கமலம் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாநாடு முடிந்த இரண்டாம் வாரம் ஒருநாள் அவள் கேரியரோடு படியேறியபோது அவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டியில் கையூன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சைகையில் சொன்னார். உரக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை செங்கமலம் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வியர்வையில் அவர் சட்டை அவள் கையோடு ஒட்டியது.

இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். "கூட யாரு இருப்பீங்க? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று வார்டு நர்ஸ் கேட்டாள்.

அண்ணன் முறை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டாம் என்று இருந்ததா, கூப்பிடு என்று இருந்ததா? மன்றத்தில் முதல் பாடமே பெரியவர்களைக் கேட்காமல் அவர்கள் காரியத்தில் முடிவெடுக்கக் கூடாது என்பதுதான். அவள் அவரைக் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து தமிழ்செல்வனுக்குப் போன் செய்தாள்.

அவன் சிமெண்டு படிந்த கைலியோடு அப்படியே வந்தான். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனவன் கழற்றத் தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கே போகவில்லை. மூத்திரப் பையை மாற்றியதும் உடம்பைத் துடைத்துவிட்டதும் அவன்தான். பரிமளா கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஒருநாள் சின்னையாவே வந்து ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, சம்பந்தியிடம் ஒன்றும் பேசாமல் ஜன்னலருகே நின்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று தமிழ்செல்வன் மருந்து வாங்கப் போயிருந்தபோது மலையாண்டி செங்கமலத்தை அருகே கூப்பிட்டார்.

"இனிமே நான் வரமாட்டேன் தங்கச்சி. ஷர்லியம்மாட்ட சொல்லிரு."

"தம்பி அப்படிச் சொல்லுச்சா?"

"அவன் ஒன்னும் சொல்லல. அவன் சொல்லணும்னு இல்ல." மூச்சு வாங்க நிறுத்தினார். "போட்டதத் தின்னுட்டுப் பேசாம கெடக்கணும். முன்னாடி அது முடியாதுன்னு நெனச்சேன். இப்ப முடியும் போல இருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனாள். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ஃபேன் சுழன்றது. டிவி ஓடியது. அவருக்கு முகச்சவரம் செய்து, வெளுத்த பனியன் போட்டுவிட்டிருந்தார்கள். கால் வீக்கம் வற்றியிருந்தது. அவள் அமுக்கிப் பார்த்தாள், பள்ளம் விழவில்லை. பரிமளா காபி கொடுத்தாள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

"கந்தர்வக்கோட்டையில முகாம் போடப்போறோம்ணே. ஒங்கள எல்லாரும் கேக்குறாங்க" என்று செங்கமலம் சொன்னாள்.

மலையாண்டியின் பார்வை அடுப்படிப் பக்கம் போய்வந்தது. "மழையே இல்லையே இந்த வருசம்" என்றார். "கொல்லையில பூவெல்லாம் கருகிருச்சாம். சம்பந்தி சொன்னாரு."

அவளும் மழையைப் பற்றியே பேசினாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் டிவியைப் பார்த்தார்கள்.

தமிழ்செல்வன் வாசல்வரை கூடவே வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க பாத்ததாலதான் அவரு உசுரோட இருக்காரு. அத மறக்க மாட்டேன். ஆனா போன தடவ ஒங்க போன் வந்ததுக்கப்புறம் ரெண்டு நாளு சாப்பிடல. செவுத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு." அவன் கண் கலங்கியிருந்தது. "கொஞ்ச நாளைக்கு வராம இருங்க."

"சரிப்பா" என்றாள். அவனிடம் கோபப்பட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. புளியமரத்தடியில் நின்றாள். அறைக்குப் போக வேண்டும். புதுத் தலைவர் யார் என்று ஷர்லி இரண்டு தரம் கேட்டுவிட்டார், பதில் சொல்ல வேண்டும். தன்னைத் தவிர வேறு ஆளில்லை என்பது தெரிந்துதான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ரோட்டைக் கடந்து ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்த மன்றத்து அம்மாதான? கண்டக்டர் கூட வருவீங்கள்ல?"

"ஆமாங்கய்யா. சொல்லுங்க."

அவர் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் தொடங்கினார். வீட்டை மகன் பேருக்கு எழுதியது, மருமகள் தட்டைத் தள்ளி வைப்பது, மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கயிற்றுக் கட்டில் போட்டிருப்பது. செங்கமலம் ஆயிரம் தரம் கேட்ட கதைதான். முன்பென்றால் அவர் முடிப்பதற்குள்ளேயே எந்த நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும், என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று சொல்லியிருப்பாள். இப்போது அதெல்லாம் நாக்கில் வரவில்லை.

"ஐயா, கேஸ் போட்டா வீடு திரும்பி வந்துரும். நான் வாங்கிக் குடுத்துருவேன்" என்றாள். "அதுக்கப்புறம் மகன் பேசாமப் போயிரலாம். ஒங்களுக்கு எது வேணும்? வீடா, மகனா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டுந்தான் தாயி வேணும்" என்றார்.

பஸ் வந்தது. அவரும் ஏறிக்கொண்டார். இலுப்பூர் போய்ச் சேரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.